ஏழுக்கு அடுத்த கட்டில்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அரியலூரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரிந்துவிடும். தெரிந்தவர்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவ்வளவு நல்ல பெயர் அவருக்கு. மூன்று பேர் குத்திக் குத்திக் கை வீங்கிப்போன குழந்தையைக்கூட, "எங்க, அந்தப் பட்டுக் கையைக் குடு பாப்போம்" என்று வாங்கி, அது அழ ஆரம்பிப்பதற்குள் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். நாங்கள் நர்ஸுகள் அவரை அக்கா என்போம். நோயாளிகளுக்கு அவர் பெரிய சிஸ்டர்.

அந்த அக்காவுக்கு எட்டு என்றால் பயம். அந்தச் சொல்லையே வாயால் சொல்ல மாட்டார். "ஏழுக்கு அடுத்தது" என்பார். காலை எட்டு மணி மருந்தை ஏழு ஐம்பத்தைந்துக்கே கொடுத்து, கேஸ் ஷீட்டிலும் ஏழு ஐம்பத்தைந்து என்றே எழுதுவார். எட்டு மாத்திரை தர வேண்டியிருந்தால் ஏழைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வந்து ஒண்ணு வாங்கிக்கம்மா" என்பார். அந்த ஒன்றுக்காக அந்தம்மா மறுநாள் பஸ் ஏறி வரும். பதினேழு, இருபத்தாறாம் தேதிகளும் அவருக்கு ஆகாது, கூட்டினால் எட்டு. பஸ் ஸ்டாண்டில் நின்றால் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருக்கிறேன். வருகிற பஸ்ஸின் நம்பரைக் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. கூட்டு எட்டு வந்தால் பஸ்ஸை விட்டுவிடுவார். அன்றைக்கு அவர் வேலைக்கு அரை மணி நேரம் தாமதம். அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. திருமானூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். படித்து முடித்த சூட்டில் இருந்த எனக்கு இதெல்லாம் ஒரே சிரிப்பு. சாப்பிடும்போது வேண்டுமென்றே, "அக்கா, எட்டு இட்லி கொண்டாந்திருக்கேன்" என்பேன். "வாயைக் கழுவுடி கழுதை" என்று தலையில் தட்டிவிட்டு, அதிலிருந்து ஒன்றைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொள்வார்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு சின்ன நர்சிங் ஹோம். அதை நடத்திய டாக்டர் அக்காவை, "சயின்ஸ் படிச்ச பொம்பளை பேசுற பேச்சா இது?" என்று கேலி செய்வார். கேலி செய்துவிட்டு, கூட்டு ஒன்பது வரும் காரில் ஏறி வீட்டுக்குப் போவார். அந்த நம்பர் கிடைக்கும் வரை புதுக் காரை ஒரு மாதம் ஷோரூமிலேயே நிற்க வைத்த மனிதர் அவர். ஊருக்குத்தான் உபதேசம்.

பெண்கள் வார்டில் பதினான்கு கட்டில்கள். வாசலில் எங்கள் மேஜை. அதன் இடது பக்கம் ஒன்றில் தொடங்கி வரிசை உள்ளே போகும். கடைசியில் ஏழு. அதற்கு எதிரே, மறு வரிசையின் மூலையில், பாத்ரூம் கதவை ஒட்டி எட்டு. அங்கிருந்து திரும்பி ஒன்பது, பத்து என்று எங்கள் மேஜை வரை வந்து பதினான்கில் முடியும். மேஜையிலிருந்து பார்த்தால் எட்டாம் கட்டிலில் படுத்திருப்பவரின் கால் மட்டும் தெரியும். அந்த மூலைக்கு ஃபேனும் கிடையாது.

அந்தக் கட்டிலை எடுத்துவிடச் சொல்லி அக்கா டாக்டரிடம் பலமுறை கேட்டிருக்கிறார். கட்டிலை எடுக்க டாக்டருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக எட்டு என்ற தகட்டைக் கழற்றிவிட்டு 'ஏழு ஏ' என்று ஒன்றை மாட்டச் சொன்னார். அக்கா ஒரு வாரம் நிம்மதியாக இருந்தார். அடுத்த வாரம் ஒருநாள் காலை, ஒவ்வொரு கட்டிலாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். அந்தக் கட்டிலுக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"தகட்டை மாத்துனா ஆச்சாடி? அங்க இருந்து எண்ணுறவன் தகட்டைப் பாத்தா எண்ணுறான்?" என்றார் மேலே கையைக் காட்டி.

பழைய தகடே திரும்ப வந்தது.

கட்டிலை எடுக்க முடியாது, காலியாக வைக்கவும் முடியாது. யாரையாவது படுக்க வைத்துத்தான் ஆக வேண்டும். யாரை என்று முடிவு செய்வது அக்காவின் வேலை. புது நோயாளி வந்தால் என்ன நோய் என்று அவர் முதலில் கேட்க மாட்டார். "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்பார். மகன் வந்திருந்தால், மருமகள் வந்திருந்தால், ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்திருந்தால், நல்ல கட்டில். இது அக்காவின் பயம் மட்டுமல்ல. எட்டு என்றால் வருகிறவர்களே முகம் சுளிப்பார்கள். "வேற இல்லீங்களா சிஸ்டர்? கொஞ்சம் பாத்து குடுங்க" என்பார்கள். அப்படிக் கேட்க ஆள் இல்லாதவர்கள் எட்டுக்குப் போனார்கள். கோயில் வாசலில் மயங்கிக் கிடந்த கிழவி, பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டு போனை அணைத்துவிட்ட அம்மா, இப்படி.

ரவுண்ட்ஸுக்கும் அக்கா ஒரு முறை வைத்திருந்தார். ஏழு முடிந்ததும் எட்டைத் தாண்டி ஒன்பதுக்குப் போக வேண்டும். பதினான்கு வரை முடித்துவிட்டுக் கடைசியில்தான் எட்டு. அங்கே தொட்ட கையோடு இன்னொரு நோயாளியைத் தொடக்கூடாது, கழுவிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். நாங்களும் அப்படியே பழகினோம். நான் சிரித்துக்கொண்டே பழகினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏற்கெனவே முற்றிப்போய் வந்தவர்கள், பார்க்க ஆளில்லாதவர்கள், நாங்கள் கடைசியில் எட்டிப் பார்த்தவர்கள். அவர்கள் எட்டில் செத்துப்போனார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். "சிரிச்சியேடி, இப்ப சிரி."

ஒரு முறை லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய்வீட்டு அம்மா வந்தார்கள். மகன் சவுதியில், மருமகள் கூட வந்திருந்தாள். வேறு கட்டில் காலி இல்லை. அக்கா சங்கடப்பட்டு, "சாயங்காலம் மாத்தித் தர்றேம்மா, கோச்சுக்காதீங்க" என்றார்.

"எதுக்கு மாத்தணும்? அல்லா நாடுனதுதான் நடக்கும். கட்டிலா வந்து உசுரைக் காப்பாத்தப் போவுது?" என்று சொல்லி அந்தம்மா அங்கேயே ஐந்து நாள் படுத்திருந்து, மருமகளை அதட்டி அதட்டிக் கஞ்சி குடித்து, எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். போகும்போது எங்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம்.

"இப்ப என்னக்கா சொல்றீங்க?" என்றேன்.

பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே, "அவங்களுக்கு வேற கணக்குடி. இது நம்ம ஆளுங்களுக்கு" என்றார். அவரை ஜெயிக்க முடியாது.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவரே சொன்னார். அவருக்குப் பிறந்த ஊர் குரும்பலூர், கல்யாணம் ஆகி அரியலூர் வந்தவர். வீட்டுக்காரர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வண்டி நல்ல வண்டி. கூட்டு எட்டு வருவதால் விலை குறைவு. அவர் தயங்கியிருக்கிறார். "நம்பர்ல என்னங்க இருக்கு, வாங்குங்கன்னு நான்தான்டி சொன்னேன். அப்ப நானும் உன்ன மாதிரி சிரிக்கிறவ" என்றார் அக்கா. வாங்கிய நாற்பதாம் நாள், சுண்ணாம்புக்கல் லாரியில் மோதி அங்கேயே போய்விட்டார். எங்கள் வார்டு ஆயாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "அந்தாளு அன்னைக்குப் புல்லா குடிச்சிருந்தான் பாப்பா. ஊருக்கே தெரியும்" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு நான் அக்காவிடம் எட்டு இட்லி என்று சொல்வதை விட்டுவிட்டேன். பாவம் என்று தோன்றியது. இன்றைக்கும் அந்த இரக்கம் என் மனதில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு வெறுப்பும் இருக்கிறது. ஒன்று வந்து மற்றதைத் துரத்தவே இல்லை.

வெறுப்பு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். என் அம்மாவுக்கு நிமோனியா வந்து எங்கள் நர்சிங் ஹோமிலேயே சேர்த்தோம். அன்று அக்காவுக்கு வார லீவு. ஒரே ஒரு கட்டில்தான் காலி. நான் டவுனில் மருந்து வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், அம்மா எட்டில் படுத்திருந்தாள். இரண்டு வருடம் சிரித்தவள் நான். அந்த இரவு முழுக்க அம்மா இருமும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தகட்டைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அக்கா வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அம்மாவை அங்க போட்டுட்டாங்கக்கா."

அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "யாருடி போட்டது? அறிவு கெட்டதுங்க. நான் இருக்கேன், அழுவாத" என்றார்.

ஒன்பதாம் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து எங்கள் திருமானூருக்குக் கரும்பு வெட்ட வந்தவள். காலில் ஆறாத சர்க்கரைப் புண், காய்ச்சல். முந்தின நாள் மேஸ்திரி கொண்டுவந்து சேர்த்துவிட்டு, "சாப்பாடு குடுத்தனுப்புறேங்க" என்று போனவர் போனவர்தான். அக்கா அவள் கேஸ் ஷீட்டைப் புரட்டக்கூட இல்லை.

"கூட யாரு வந்திருக்கா?" என்றார்.

"யாருமில்லக்கா" என்றேன். பதில் சொன்னது நான்தான்.

அவள் தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனதும் நான்தான். "ஏம்மா, இங்கயே நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள். "அங்க காத்து நல்லா வரும்மா" என்றேன். அவள் நம்பி, புண் காலை இழுத்து இழுத்து வந்து எட்டில் படுத்துக்கொண்டாள். என் அம்மா ஒன்பதுக்கு வந்தாள். அக்கா அம்மாவின் நெற்றியில் கையை வைத்து, "இனிமே ஒண்ணும் ஆவாது, பாருங்க" என்றார்.

பகல் பன்னிரண்டரைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் போடும் ரவுண்ட். அக்காவே வந்தார். வழக்கம்போல எட்டு கடைசி. ஊசியைப் போட்டுவிட்டு, "உடனே சாப்பிட்டுரும்மா" என்றார். அந்தப் பெண் சரி என்று தலையாட்டினாள். சாப்பாடு இருக்கிறதா என்று அக்கா கேட்கவில்லை. எங்கள் மாதிரி இடங்களில் நோயாளிக்குச் சோறு கொண்டுவருவது கூட இருப்பவர்கள் வேலை. கூட யாரும் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் அவளை அங்கே படுக்க வைத்தார். கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்று லீவு போட்டிருந்த நான் அம்மாவுக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா என் கையைத் தள்ளி, "அதுக்கு ஒரு வாய் குடேன்டி. பாவமா பாத்துக்கிட்டிருக்கு" என்றாள்.

"அப்புறம் குடுக்கலாம்மா. நீ சாப்புடு."

ஏன் அப்படிச் சொன்னேன்? கஞ்சத்தனம் இல்லை. தூக்குச் சட்டியில் சோறு நிறைய இருந்தது. அந்தக் கட்டிலுக்கு நீட்டிய கை திரும்ப என் அம்மாவின் வாய்க்கு வர வேண்டுமே என்று பயந்தேன். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான். அது அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை. எட்டு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

அம்மா தூங்கினாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி வாக்கில் அந்தப் பெண் என்னவோ முனகினாள். திரும்பிப் பார்த்தேன். ஜாக்கெட் நனைந்து ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது. காற்று வரும் என்று நான் பொய் சொல்லிக் கூட்டிவந்த மூலையில் ஃபேன் இல்லை. அதனால் வேர்க்கிறது என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் காய்ச்சல் பார்க்கும் ரவுண்ட். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி ஒன்றில் ஆரம்பித்து, ஏழு முடித்து, எட்டைத் தாண்டி, பதினான்கு வரை போய்த் திரும்பி வந்தாள். வந்தவள் கத்தினாள். அக்கா ஓடிவந்து விரலில் குத்தி மீட்டரில் வைத்தார். எண் எதுவும் வரவில்லை. சர்க்கரை அளக்க முடியாத அளவுக்கு இறங்கி, 'லோ' என்று மட்டும் காட்டியது. அக்கா ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துக் குளுக்கோஸ் ஏற்றினார். டாக்டர் வந்தார். அவள் கண் திறக்கவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் போய்விட்டாள். புண்ணில் இருந்த விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாக டாக்டர் எழுதினார். அந்தக் காலைப் பார்த்த யாருக்கும் அது பொய்யாகத் தோன்றாது. மேஸ்திரி வந்தார், தலையைச் சொறிந்தார், வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்கு முன் அக்காதான் அவளைத் துடைத்து, தலை வாரி, தாடையைக் கட்டிவிட்டார். கட்டும்போது அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். பிறகு என் பக்கம் வந்து, என் அம்மாவுக்குக் கேட்காத குரலில், "பாத்தியாடி? மாத்தாம வுட்டிருந்தா இன்னைக்கு யாரு?" என்றார்.

நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "உங்களாலதான்க்கா" என்றேன். அந்த நிமிடத்தில் மனதாரச் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அம்மா பிழைத்து வீடு வந்தாள். இரண்டு மாதத்தில் நான் அந்த வேலையை விட்டுவிட்டுப் பெரம்பலூரில் வேறு இடத்தில் சேர்ந்தேன். அக்காவிடம் பஸ் தூரம் என்று காரணம் சொன்னேன். பெரம்பலூர் இன்னும் தூரம்.

போன வருடம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டுக் குரும்பலூருக்கே வந்துவிட்டாராம். முடி முழுக்க வெளுத்திருந்தது. "அம்மா நல்லா இருக்காங்களாடி?" என்பதுதான் முதல் கேள்வி. அது எனக்குப் பொறுக்கவில்லை. பத்து வருடமாக உள்ளே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தக் கரும்பு வெட்ட வந்த அம்மா நம்பராலயும் சாகல, கட்டிலாலயும் சாகல. ஊசி போட்டுட்டு யாரும் ஒரு வாய் சோறு குடுக்கல. அதான்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்டி. மீட்டர்ல குத்துனவ நான்தானே. அப்பவே தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? எங்க வூட்டுக்காரரு குடிச்சுட்டு ஓட்டுனாருன்னு எனக்குத் தெரியாதா? நான்தான சாராயக் கடைக்குக் காசு குடுத்து அனுப்புனேன், வாய்ச்சண்டை முடிஞ்சாப் போதும்னு. அதை நெனச்சா ஒரு வாய் சோறு எறங்குமா? அந்த நம்பருன்னு வச்சுக்கிட்டேன். எறங்குச்சு." என் முகத்தைப் பார்த்தார். "நீயும் நர்ஸுதான. பக்கத்துலயே உக்காந்திருந்தியே. எனக்காச்சும் எட்டு இருக்குடி. உனக்கு என்ன இருக்கு?"

எட்டு என்ற சொல்லை அவர் வாயால் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, குரும்பலூர் டவுன் பஸ் நின்ற பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, அக்காவைப் பார்த்தேன், உன்னை விசாரித்தார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மவராசி. அவங்க அன்னைக்கு என்னை மாத்திப் போடலைன்னா நான் ஏது? நல்லா இருக்கட்டும்" என்றாள்.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தட்டெடுத்துச் சோறு போட்டேன்.